வாங்காத சீட்டுக்கு விழும் பரிசு

"உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு 25 லட்சம் பரிசு விழுந்திருக்கிறது, உடனே வங்கிக் கணக்கு எண் அனுப்பவும், விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம்." இப்படி வந்தால் அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள், மேலே ரிசர்வ் வங்கி என்று பெயர் இருக்கும், தொட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு ஜிமெயில். ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் பணம் போட்டு எடுக்கும் கணக்கே வைத்திருப்பதில்லை.

பதில் போட்டால்தான் கதை ஆரம்பம். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் டாலரை ரூபாயாக மாற்றும் செலவு என்று கட்டக் கட்டப் புதுசாக ஒன்று முளைக்கும், ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்திலேயே ஆள் மேலும் கட்டுவார். நிஜமாகவே பெரிய பரிசு விழுந்தால் நம் நாட்டில் 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், நம்மிடம் முன்பணம் கேட்பதில்லை.

கேரள லாட்டரி ஆன்லைனில் கிடைக்கும் என்றும் வருகிறது. அது காகிதச் சீட்டு மட்டும்தான். தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்கே தடை!

சரி, பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு "இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று இன்னொரு மெயில் வரலாம், அதுவும் இதே பிழைப்புதான்.