வளைந்த பிரமிடும் அப்பாவின் அஸ்திவாரச் சந்தேகமும்

கெய்ரோவில் இறங்கியவர்கள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராகப் பெரிய பிரமிடு இருக்கும் கீசாவுக்குத்தான் ஓடுவார்கள். நாங்கள் ஓடவில்லை. காரணம் அப்பா. பொதுப்பணித்துறையில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "முடிஞ்ச கட்டடத்தை எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்மா. அதுக்கு முன்னாடி கட்டிக் கட்டிப் பார்த்திருப்பாங்கள்ல, அதைக் காட்டச் சொல்லு" என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

அதனால் தனி வழிகாட்டிக்கு எழுதும்போதே தெளிவாகக் கேட்டேன். கீசாவுக்கு முந்தைய பிரமிடுகள் இருக்கும் சக்காரா, தாஷூர், நேரம் இருந்தால் பழைய தலைநகரமான மெம்ஃபிஸ். பாப்பிரஸ் கடை வேண்டாம், அத்தர் கடை வேண்டாம், கம்பளப் பள்ளி வேண்டாம். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டால் எகிப்தில் உங்கள் பகலில் பாதி இனிப்புத் தேநீர் குடித்துக்கொண்டே கம்பளம் பார்ப்பதில் போய்விடும். சக்காரா சாலை முழுக்க அந்தக் கடைகள்தான். எங்கள் வழிகாட்டி முப்பதுகளில் இருந்த ஒரு பெண். எகிப்தியல் படித்தவர், அரசு கொடுத்த உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். கடை வேண்டாம் என்றதும், "அப்படியானால் மாஸ்தபாக்களில் நிதானமாக நிற்கலாம்" என்று பதில் எழுதினார். மாஸ்தபா என்றால் மேடை போன்ற பழைய கல்லறை. அப்போதே இவர்தான் சரியான ஆள் என்று தோன்றிவிட்டது.

காலை ஏழு மணிக்குக் கார் வந்தது. வட்டச் சாலையில் இரண்டு பக்கமும் பூசாத செங்கல் அடுக்குமாடிகள். அதைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓரமாகத் திரும்பியதும் காட்சி மாறிவிட்டது. பேரீச்சந் தோப்பு, பச்சைத் தீவனம் ஏற்றிய கழுதை வண்டி, வயலில் கொக்குகள். அப்புறம் எல்லை போட்டது போல வயல் முடிந்து மணல் தொடங்கியது. நைல் வெள்ளம் எட்டிய இடம் வரை உயிருள்ளவர்களுக்கு, அதற்கு மேலே மேற்குப் பாலைவனம் இறந்தவர்களுக்கு என்று பழைய எகிப்தியர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

சக்காராவில் இருப்பது ஜோசெர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடு. கி.மு. 2670 வாக்கில் கட்டியது, உலகில் கல்லால் எழுந்த முதல் பெரிய கட்டடங்களில் ஒன்று. கட்டியவர் இம்ஹோதெப் என்பது மரபு. பிற்காலத்தில் அவரையே கடவுளாக்கிக் கும்பிட்டார்கள். அதற்கு முன்பு மன்னர்களை மாஸ்தபா என்ற தட்டையான மேடைக் கல்லறையில்தான் புதைத்தார்கள், அதுவும் சுடாத மண் செங்கல்லால் கட்டியது. இங்கே ஒரு மேடையைக் கட்டி, அகலப்படுத்தி, அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று ஆறு படியாக 60 மீட்டருக்கு மேல் உயர்த்திவிட்டார்கள்.

சுற்றுச்சுவரில் வாசல் போலத் தெரிகிற இடங்கள் பதினைந்து. அதில் பதினான்கு பொய் வாசல், ஒன்றுதான் நிஜம். அந்த நிஜ வாசலுக்குள் நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் நாணற்கட்டைப் போலச் செதுக்கிய தூண்கள் நாற்பது. எதுவும் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து ஒரு குட்டைச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா தூணையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பயந்திருக்கான்" என்றார். வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "என் பேராசிரியர் இதையே நான்கு பக்கத்துக்கு எழுதுவார்" என்றார்.

அவர் காட்டிய அடுத்த விஷயம்தான் எனக்குப் பிடித்தது. சுவரில் இருக்கும் கல் எல்லாம் சின்னது, ஒரு ஆள் தூக்கும் அளவு. மண் செங்கல்லை வைத்துக் கட்டிப் பழகிய கைகள், பொருள் மாறிய பிறகும் அதே அளவில்தான் வெட்டியிருக்கின்றன. மேலே கூரையைப் பார்த்தால் பேரீச்ச மரக் கட்டைகளை வரிசையாக அடுக்கியது போலக் கல்லைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு என்ன பலம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. மரத்தையும் மண்ணையும் கல்லில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வளாகத்தை மறுபடி நிமிர்த்தி வைத்ததில் பெரும்பங்கு ழான்-ஃபிலிப் லோயர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞருக்கு. 1926இல் வந்தவர் 2001இல் இறக்கும் வரை இதே வேலையாக இருந்தார். "ஓய்வூதியம் வாங்காத மனுஷன்" என்று அப்பா பொறாமைப்பட்டார்.

பிரமிடுக்கு வடக்கே ஒரு சின்னக் கல் அறை, அதில் கண் வைத்துப் பார்க்க இரண்டு ஓட்டைகள். உள்ளே ஜோசெர் சிலையின் நகல் உட்கார்ந்து நம்மையே பார்க்கிறது. வரிசையில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

மாஸ்தபாவுக்கு வருகிறேன். தனி வழிகாட்டிக்குக் கொடுத்த காசு இங்கேதான் வசூலானது. தெத்தி மன்னனின் பிரமிடு இப்போது வெறும் மணல்மேடு; சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். அதன் பக்கத்தில் அவருடைய அமைச்சர் மெரெருகாவின் கல்லறை, முப்பதுக்கு மேல் அறைகள். பேருந்தில் வந்த ஒரு கூட்டம் எங்களுக்கு முன்னால் நுழைந்து, பெரிய கூடத்தில் மெரெருகாவின் சிலையைப் படம் பிடித்து, நாங்கள் முதல் அறையைத் தாண்டுவதற்குள் வெளியே போய்விட்டது.

நாங்கள் நின்றோம். வழிகாட்டி கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். நேராக அடித்தால் தட்டையாகத் தெரிகிற செதுக்கல், அப்படிப் பிடித்ததும் நிழல் விழுந்து எழுந்துவிட்டது. தண்ணீருக்குள் மீன்கள், எது கெளுத்தி எது கெண்டை என்று இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்கு. குள்ளமான பொற்கொல்லர்கள் உட்கார்ந்து கழுத்தணி செய்கிறார்கள். ஒரு இடத்தில் கழுதைப்புலியை மல்லாக்கப் போட்டு, காலைக் கட்டி, வாயில் தீனியைத் திணிக்கிறார்கள். வளர்த்துத் தின்னவா, வேட்டைக்குப் பழக்கவா என்று அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறதாம். மெரெருகாவின் மனைவி, அவர் தெத்தியின் மகளும்கூட, கட்டிலில் உட்கார்ந்து யாழ் மாதிரி ஒன்றை மீட்டுகிறார். கணவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்.

இன்னொரு சுவரில் ஊர்த் தலைவர்களைக் குனிய வைத்து இழுத்து வருகிறார்கள். எழுத்தர்கள் சுருளும் கையுமாக உட்கார்ந்திருக்க, ஒருவனைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து அடிக்கிறார்கள். வரி பாக்கி. "மார்ச் மாசம்" என்றார் அப்பா. இதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்து அவர் சொன்ன தொனியிலேயே வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது.

தெத்தியின் மணல்மேட்டுக்குள்ளேயும் இறங்கலாம். குனிந்து போனால் அறைச் சுவர் முழுக்க நெடுக்கு வரிசையில் எழுத்துகள், கூரையில் நட்சத்திரங்கள். பிரமிடு வாசகங்கள் என்கிறார்கள். கி.மு. 2350 வாக்கில் ஊனாஸ் மன்னனின் அறையில் தொடங்கிய வழக்கம். உலகின் மிகப் பழைய சமய நூல் தொகுதிகளில் ஒன்று. வெளியே கட்டட வேலை சரிந்துவிட்டது, உள்ளே எழுத்து நிற்கிறது.

காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கல்லறை வாசலிலும் ஜலாபியா என்ற நீள அங்கி போட்ட ஒருவர் இருப்பார். கண்ணைக் காட்டி, பூட்டிய மூலைக்குக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாத சுவரைக் காட்டிக் காசு கேட்பார். வழிகாட்டி கூட இருந்தால் இது பாதிக்குப் பாதி குறையும், நிற்காது. சின்ன நோட்டுகள் கையில் இருக்கட்டும். நுழைவுச் சீட்டுக்கு மட்டும் அட்டைதான், பணம் வாங்கவில்லை. ஒரு காவலர் எங்களைப் பார்த்ததும் "அமிதாப் பச்சன்!" என்று கத்தினார். எகிப்து முழுக்க இதே வரவேற்புதான். அப்பா விடாமல் "ரஜினி தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. அப்பாவுக்கு அந்தக் காவலர் மேல் மரியாதை போய்விட்டது.

செராப்பியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனிச் சீட்டு. 1850களின் தொடக்கத்தில் ஒகுஸ்த் மரியத் கண்டுபிடித்த சுரங்கம். புனிதக் காளைகளுக்காகக் கருங்கல்லில் குடைந்த பிரம்மாண்டமான பெட்டிகள் இருபதுக்கு மேல், ஒவ்வொன்றும் பல பத்து டன். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே நம்மவர்கள் இணையத்தில் படித்த வேற்றுக்கிரகக் கதைகளை வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் கேட்டார். அவருடைய வழிகாட்டியின் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

சாப்பாடு வழியில் ஒரு தோட்ட உணவகத்தில். வாசலிலேயே ஒரு அம்மா மண் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பலூன் போல உப்பி வந்தது. எள் விழுது, சுட்ட கத்தரிக்காய்ப் பிசைவு, தாமியா எனும் பெரும்பயறு வடை. சைவக்காரர்களுக்கு எகிப்தில் கவலையே இல்லை. முலுக்கியா என்ற கீரையை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், கோழிச் சாற்றில்தான் பெரும்பாலும் செய்வார்கள் என்று எச்சரித்தது வழிகாட்டிதான்.

தாஷூருக்குப் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. 1996 வரை இது ராணுவப் பகுதி, பயணிகளை விடவில்லை. இன்றும் கூட்டம் கிடையாது. பாலைவனத்தில் இரண்டு பெரிய பிரமிடுகள், இரண்டுமே ஸ்னெஃபெரு மன்னனுடையவை. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் அப்பா இவர். தன் பிரமிடுகளுக்காக இவர் குவித்த கல்லை மொத்தமாகக் கூட்டினால் மகன் குவித்ததைவிட அதிகம்.

வளைந்த பிரமிடின் முன்னால் அப்பா பேச்சை நிறுத்தினார். கீழே சுமார் 54 பாகைச் சரிவில் ஏறுகிறது. பாதிக்குக் கிட்டே வந்ததும் 43 பாகைக்கு மடங்கிவிடுகிறது. வழவழப்பான வெளிப்பூச்சுக் கல் இதில்தான் நிறைய மிச்சம். மற்றவற்றில் கெய்ரோ கட்டுவதற்கு உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூலையில் அது உடைந்த இடத்துக்குப் போய், அடி வரிசைக் கல் உள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை அப்பா கையை வைத்துக் காட்டினார். மேல் பாதியில் கல் சமமாகப் படுத்திருக்கிறது என்று வழிகாட்டி சேர்த்துச் சொன்னார்.

"அடியில பாறை இல்லையே?" என்றார் அப்பா.

இல்லை. சரளையும் களிமண்ணுமான தரை. கட்டும்போதே இறங்கி, உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. மேல் அறையில் தேவதாரு உத்தரங்களைக் கொடுத்து முட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறது. வழிகாட்டி தன் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினார். அப்பா அதைப் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பணியில் இருந்தபோது எத்தனை முட்டு கொடுத்திருப்பாரோ.

அடுத்தது சிவப்புப் பிரமிடு. வளைந்ததன் மேல் பாதிச் சரிவையே, அதே 43 பாகையை, அடியிலிருந்து நுனி வரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நேர்ச்சரிவாகத் தேறிய முதல் பெரிய பிரமிடு, 105 மீட்டர். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்த இடத்தில் வழிகாட்டி எதுவும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை.

உள்ளே போக வெளிப்புறமாக 28 மீட்டர் படியேற வேண்டும். அப்பா மூட்டு வலியோடு வாசல் வரை ஏறிவிட்டார். உள்ளே 60 மீட்டர் குனிந்தபடி இறங்க வேண்டும் என்றதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். "கூரை எத்தனை வரிசையில உள்ள வாங்குதுன்னு எண்ணிட்டு வா" என்று எனக்கு வேலை வைத்தார். வழிகாட்டியும் அவரோடு தங்கிவிட்டார். பாதையின் உயரம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. மரச்சட்டம் அடித்த சரிவில் பின்புறமாக, ஏணியில் இறங்குவது போல இறங்கினேன். பாதி வழியிலேயே மூக்கில் அம்மோனியா நெடி ஏறியது. கீழே நிமிர்ந்ததும் தலைக்கு மேலே இருட்டில் கூரை ஒடுங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி, கடைசியில் இரண்டு பக்கமும் சந்தித்துக்கொள்கின்றன. 12 மீட்டர் உயரம். பதினொரு வரிசை. விரிசல் எதுவும் என் கண்ணில் படவில்லை. மறுநாள் தொடை இரண்டும் கெஞ்சின. முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.

மெம்ஃபிஸுக்கு அரை மணிநேரம்தான் மிச்சம். மித் ரஹீனா கிராமத்தில் கால் போன ராம்செஸ் மன்னனின் சிலை மல்லாந்து கிடக்கிறது, 1820இல் கிடைத்தது. மாடியிலிருந்து முகத்தைப் பார்க்கலாம். பழைய தலைநகரத்தில் வேறு பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. நேரமில்லாவிட்டால் தயங்காமல் இதை வெட்டிவிடுங்கள்.

திரும்பும் வழியில் காருக்குள் வாக்குவாதம். ஸ்னெஃபெருவுக்கு இன்னும் தெற்கே, மெய்தூமில் மூன்றாவதாக ஒரு பிரமிடு உண்டு. சுற்றிலும் சரிந்து, நடுவில் கோபுரம் போல நிற்கிறது. கட்டும்போதே அது சரிந்ததைப் பார்த்துத்தான் தாஷூரில் பாதியில் சரிவைக் குறைத்தார்கள் என்று குர்ட் மெண்டல்சோன் என்ற இயற்பியலாளர் 1970களில் எழுதினார். அப்பா உடனே அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார். வழிகாட்டி மறுத்தார். ஆயிரம் ஆண்டுக்கு அப்புறம் வந்தவர்கள்கூட மெய்தூம் கோயில் சுவரில் ஸ்னெஃபெருவின் அழகான கோயிலைப் பார்த்தோம் என்று கிறுக்கியிருக்கிறார்கள். இடிபாட்டுக்கு நடுவே நின்று யாராவது அப்படி எழுதுவார்களா என்றார். அப்பா, "சாய்ஞ்சது ஒரு பக்கம்தான்னா எழுதியிருப்பான்" என்றார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப் போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

விடுதி வாசலில் இறங்குவதற்குள், மறுநாள் கீசாவுக்கு வைத்திருந்த பகல் பாதியாகிவிட்டது. மெய்தூம் போவதென்றால் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார் வழிகாட்டி. அப்பா ஐந்தரை என்றார்.