காலி எடை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணியாக, அதாவது எடை எழுதும் குமாஸ்தாவாக, இருக்கிறேன். 22 வருடம் ஓடிவிட்டது. பழக்குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறியதும் எடையைக் குறிப்பேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி லோரியை நிறுப்பேன். கழித்தால் வருவது குலையின் எடை. எல்லோரும் முதல் எண்ணைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது இரண்டாவது எண்ணால்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் ஒருமுறை எடுத்த காலி எடையையே நாள் முழுக்க வைத்துக் கழிப்பேன். வரிசை நீளும்போது லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்கள், அதனால் அந்தக் குறுக்குவழி. நவம்பர் மழையில் தோட்டத்துச் செம்மண் பாதை சேறாகிவிடும். சக்கரத்திலும் அடித்தட்டிலும் அப்பிக்கொண்டு வந்த அந்தச் சேற்றை நான் குலை என்று எழுதிக்கொண்டிருந்தேன். குலைக்கணக்குக்கும் எண்ணெய்க்கும் ஒத்துப்போகாமல் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விழித்தேன். அன்று ஒரு லோரியைத் திரும்ப நிறுத்ததில் 140 கிலோ வித்தியாசம். எச்சரிக்கைக் கடிதம் எனக்குத்தான் வந்தது. சேறு சுமந்த லோரிக்காரருக்கோ டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை போயிருந்தது.

தீபாவளி லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். பொறியியல் படிக்கிறான். வீட்டில் போரடிக்கிறது என்று என் அறைக்கு வந்து உட்கார்ந்தவன் திடீரென்று, "மாமா, செவ்வாய் கிரகத்துல ஊர் அமைச்சா சரக்குக்கு லோரி சரிப்படாது. வாயு நிரப்பி மிதக்கிற ஆகாயக் கப்பல்தான்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்கே பாதை கிடையாது. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி முதல் 12 வருடத்தில் 30 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. கூர்ங்கல் குத்தி அதன் அலுமினியச் சக்கரம் ஓட்டை ஓட்டையாகிப் போனது. மழைக்காலத்தில் டிராக்டர் புதைந்து, 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வரவேண்டிய குலை காட்டிலேயே கிடப்பதைப் பார்த்தவன் நான். மேலே பறந்து போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"சரிடா, அதோட காலி எடை என்ன?" என்று கேட்டேன்.

கணக்குப் போட உட்கார்ந்தோம். செவ்வாயின் காற்று நம்முடையதில் அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம். 1937இல் எரிந்த ஹிண்டன்பர்க் கப்பல் 2 லட்சம் கன மீட்டர், 245 மீட்டர் நீளம். அந்த அளவுப் பையில் ஹைட்ரஜன் நிரப்பி அங்கே விட்டால் தூக்குவது 4 டன்னுக்கும் சற்றுக் குறைவு. தீப்பிடிக்கும் பயமில்லை, எரியும் அளவுக்கு அங்கே ஆக்சிஜன் இல்லை. ஈர்ப்பு 38 சதவீதம்தானே, பாரம் லேசாகுமே என்று கேட்டேன். "தூக்கிவிடற காத்தும் அதே அளவு லேசாயிடும் மாமா, அடிபட்டுப் போகும்" என்றான். இத்தனை நாள் நான் தப்பாக நினைத்திருந்த விஷயம் இது.

அந்த 4 டன்னில்தான் கப்பலே அடக்கம். எடைச்சீட்டு அடிக்கும் தாளைக் கையில் எடுத்தேன். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று உறையில் போட்டிருந்தது. கப்பலின் மேல்தோல் 25 ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாது. இந்தத் தாள் கனத்தில் தோல் செய்தாலே 2 டன் போச்சு. மீதியில் எலும்புக்கூடு, மோட்டார், பேட்டரி எல்லாம் போனால் சரக்குக்கு என்ன மிஞ்சும்? ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டிவரும் அரிசி மூட்டையாவது மிஞ்சினால் சந்தோஷம்.

அவன் விடவில்லை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தோல் நான்கு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு என்றான். உண்மைதான், பெரிதாகப் பெரிதாகக் கட்டுப்படியாகும். ஆனால் அரைக் கிலோமீட்டர் கப்பலை எங்கே கட்டி வைப்பது? அதைவிட எனக்கு உறுத்தியது தூசு. 2018இல் கிரகம் முழுக்க மூடிய புழுதியில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி மின்சாரம் இல்லாமல் செத்தது. அந்தப் புழுதி தோல் முழுக்கச் சதுர மீட்டருக்கு 10 கிராம் ஒட்டினாலும் சின்னக் கப்பலுக்கே கால் டன். போதாததற்குக் காற்றழுத்தமும் பருவத்துக்குப் பருவம் கால்பங்கு ஏறி இறங்குகிறது, கரியமில வாயு துருவத்தில் உறைந்து, மறுபடி ஆவியாவதால். அங்கே கிராணி வேலைக்குப் போகிறவன் ஒவ்வொரு பயணத்துக்கும் காலி எடை எடுக்க வேண்டும்.

கணக்கைச் சீட்டுத்தாளின் பின்பக்கத்தில்தான் போட்டிருந்தோம். அது அன்றைய கட்டோடு ஆபீசுக்குப் போய்விட்டது. மறுநாள் அங்கிருந்து போன்: "அண்ணே, 2 லட்சம்னு ஒரு சீட்டு இருக்கே, இது எந்தத் தோட்டத்து லோரி?"