வத்தல் மூட்டையும் டில்லி வானமும்

அக்கா கல்யாணமாகி டில்லிக்குப் போன நாளிலிருந்து எனக்கு ஒரு நிரந்தர வேலை கிடைத்தது. அம்மா போடும் கூழ்வத்தலை ஆர்.கே.புரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ‘அங்க எது கிடைச்சாலும் இது கிடைக்காது’ என்பது அம்மாவின் கட்சி. மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் நல்லெண்ணெய் வரை எல்லாம் கிடைக்கிறது என்பதை இன்றுவரை அம்மாவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

முதல் தடவை போனது ஒரு ஜனவரியில். திருநெல்வேலிக்காரனுக்கு ஸ்வெட்டர் என்பது ஊட்டி டூர் போட்டோவில் மட்டும் இருக்கிற பொருள். ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆக்ரா தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே உலகத்தைக் காணோம். வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டது மாதிரி மூடுபனி. சிக்னல் தெரிந்தால்தானே வண்டி ஓடும்? காலையில் போய்ச் சேர வேண்டியவன் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கினேன். அத்தான் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து “வா மாப்ளே” என்றார். குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலை ஆறு டிகிரி. தலைக்குத் தேய்க்கலாம் என்று அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே மெழுகுவர்த்தி மாதிரி கெட்டியாக நின்றது. ஸ்பூன் காம்பால் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். அக்கா வீட்டில் அப்போது சொகுசாக இருந்தது ஒரே ஆள்தான்: இட்லி மாவு. குளிரில் புளிக்காது என்று பாத்திரத்தோடு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் படுக்க வைத்திருந்தாள். அந்த ரஜாயில் எனக்குப் பாதி கிடைக்குமா என்று கேட்டேன். மாவு சரிந்துவிடும் என்று மறுத்துவிட்டாள்.

பட்ட அனுபவத்தை வீணாக்கக் கூடாதென்று அடுத்த தடவை ஸ்வெட்டரோடு போனேன். மாதம் ஜூன்.

டில்லி வெயிலும் நம்ம வெயிலும் ஒன்றில்லை. நம்ம ஊரில் வேர்க்கும், அங்கே வேர்வை வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. ராஜஸ்தான் பக்கமிருந்து ‘லூ’ என்று ஒரு காற்று வீசும். அடுப்பைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினது மாதிரி இருக்கும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது என்பதால் குழாயில் குளிக்க முடியாது. ராத்திரியே கீசரில் தண்ணீர் பிடித்து, ஸ்விட்ச் போடாமல் வைத்திருந்து, காலையில் அதைத் திறந்து குளிக்கிறார்கள். வெந்நீருக்கென்று வாங்கிய கீசரில் பச்சைத் தண்ணீருக்காக வரிசையில் நிற்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் தலைநகரத்தை 1911-ல் இங்கே மாற்றுவதாக அறிவித்துவிட்டு, கோடை வந்ததும் சர்க்காரையே மூட்டை கட்டி சிம்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போனான் என்றால் ஏன் போகமாட்டான்?

இந்த வெயிலைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. “அம்மாவுக்கு எதுக்கு சிரமம், இங்கயே வத்தல் போட்டுருவோம். அரை நாள்ல காஞ்சிரும்.” விடியற்காலையில் கூழ் கிண்டி, பழைய வேட்டியை மொட்டைமாடியில் விரித்து, வரிசையாக ஊற்றிவிட்டோம். காவல் நான். சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வத்தல் முக்கால்வாசி காய்ந்து ஓரம் தூக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து மாடி ஆன்ட்டி துணியை அள்ளிக்கொண்டே என்னைப் பார்த்து “ஆந்தி! ஆந்தி ஆ ரஹி ஹை!” என்று கத்தினார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் ‘ஆ ரஹி ஹை’ என்றால் வருகிறது. முதல் சொல்லை நான் வாந்தி என்று எடுத்துக்கொண்டேன். பாவம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கீழே ஓடி ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு சொம்புத் தண்ணீருமாகத் திரும்பி வந்தால், மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழும்பி வந்துகொண்டிருந்தது. ஆந்தி என்றால் புழுதிப்புயல். அதைப் புரிந்துகொண்ட நேரத்தில் வேட்டி வத்தலோடு எழுந்து நின்று, ஒரு தடவை என் முகத்தில் அறைந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பறந்தது. புயல் ஓய்ந்தபின் மிச்சம் பொறுக்கியதில் ஒரு டப்பா தேறியது. அத்தான் ஒன்றைப் பொரித்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “உப்பு சரியா இருக்கு, மணல்தான் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

அடுத்து 2023 ஜூலை. கூலிங் கிளாஸ், தொப்பி சகிதம் போய் இறங்கினேன். 9-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 153 மி.மீ. மழை. நாலு நாளில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978-ம் வருஷ வெள்ளத்தையே தாண்டி, செங்கோட்டைப் பக்கம் ரோட்டில் ஓடியது. நாங்கள் இருந்த பக்கம் அந்த வெள்ளம் இல்லை, புழுக்கம் மட்டும்தான். வத்தல் நமத்துப்போய் துணி மாதிரி மடிந்தது. அந்தப் பயணத்தில் அவ்வளவுதான் விசேஷம்.

நவம்பரில் குடையோடு போனேன். அப்போது வானத்தில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, வானமே இல்லை. பஞ்சாப் பக்கம் அறுத்த வயலில் தாளை எரிக்கிற புகை, வண்டிப் புகை, தீபாவளிப் புகை எல்லாம் காற்றோட்டமில்லாமல் ஊர்மேல் உட்கார்ந்திருந்தது. அத்தான் காற்றில் எவ்வளவு மாசு என்கிற நம்பரை ஷேர் மார்க்கெட் மாதிரி காலையும் மாலையும் பார்த்துச் சொல்வார். காற்றைச் சுத்தம் செய்ய ஹாலில் ஒரு மிஷின். ஜன்னல்களைச் சாத்தி நாள் முழுக்க ஓடவிட்டு, வீட்டுக்குள் அந்த நம்பரை நாற்பதுக்கு இறக்கி வைத்திருந்தார். அந்த வெற்றியைக் கொண்டாட நான் வத்தல் பொரித்தேன். நாலாவது ஈடு போடும்போது மிஷின் சிவந்து, உறுமி, 500-ஐக் காட்டியது. “பஞ்சாப்காரனச் சொல்லிப் புண்ணியமில்ல மாப்ளே” என்று அத்தான் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முன்பனி, பின்பனி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாத்தியாருக்கே சந்தேகம் இருந்தது. டில்லிக்குப் போனால் அது தெரியும். முன்பனி ஆளைக் கொல்லும். பின்பனிதான் ஊர் முழுக்கப் பூக்கிற காலம். “ஒரு தடவையாவது பிப்ரவரியில வாடா” என்று அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

போன பிப்ரவரியில் போனேன். இந்த முறை ஏமாறக்கூடாது என்று ஸ்வெட்டர், குல்லாய், குடை, ரெயின்கோட், கூலிங் கிளாஸ், மாஸ்க் ஒரு டஜன் என்று இரண்டு பெட்டி. போய் இறங்கினால் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கின்றன. 25 டிகிரி வெயில், முதுகில் பட்டால் தூக்கம் வருகிறது. கொண்டுபோனதில் ஒன்றுக்கும் வேலை இல்லை.

அக்கா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அடி வரைக்கும் தடவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதே நேரம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அம்மா.

“ஏட்டி, வத்தல் டப்பா இங்க கட்டில் மேலேயே இருக்கே. அப்ப ரெண்டு பெட்டி நிறைய என்னத்தத் தூக்கிட்டு வந்தான்?”

“குடைம்மா” என்றாள் அக்கா.