கேப்டனின் கெண்டைக்கால்

ஜூலை 20, 2023, வியாழன்

ஐந்து மணிக்கு ஆலையில் எடைப்பாலத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டாரை விரட்டிக்கொண்டு வந்தேன். ஆறு மணிக்கு ஆஸ்திரேலியா – அயர்லாந்து. பெண்கள் காற்பந்து உலகக் கிண்ணம். ஆட்டங்கள் நம்மூர் நேரத்துக்கு இவ்வளவு வாகாக அமைவது அபூர்வம். ஆண்கள் கிண்ணத்துக்கு விடிய விடிய விழித்திருந்து, மறுநாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில்) நின்றுகொண்டே தூங்கியவர்கள் மலேசியாவின் இந்தப் பீடோங் வட்டாரத்தில் நிறைய பேர்.

நான் வருவதற்குள் அக்கா மகளும் அவள் கூட்டமும் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். முறுக்கு டின் பாதி காலி. எல்லாருக்கும் பார்க்க வேண்டியது ஒரே ஆளைத்தான். சாம் கெர். ஆஸ்திரேலியாவின் கேப்டன், இங்கிலாந்தின் செல்சி குழுவின் கோல் ராணி, கோல் போட்டால் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பவர். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மணலில் அதைச் செய்துபார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டவர்கள்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. நேற்றைய பயிற்சியில் கெண்டைக்காலில் காயம், முதல் இரண்டு ஆட்டங்களுக்கு கெர் கிடையாது.

"சித்தி, கேப்டனே இல்லைன்னா எப்படி?"

கேப்டன் கைப்பட்டையை ஸ்டெஃப் கேட்லி கட்டிக்கொண்டார். 52ஆவது நிமிடப் பெனால்டியையும் அவரே போட்டார். 1–0. சிட்னி அரங்கில் 75,784 பேர். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இம்புட்டுச் சனமும் பொம்பளப் பிள்ளைங்க பந்து பாக்கவா வந்திருக்கு?" என்றார். ஆமாம் பாட்டி, டிக்கெட் வாங்கிக்கொண்டு.

ஜூலை 23, ஞாயிறு

திடலை ஒட்டிய மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓடினால் என்ன ஆகும் என்று எவ்வளவு சொல்லியும் ஒருத்தியும் கேட்கவில்லை. பிள்ளைகளின் காற்பந்துப் பயிற்சி மெதுவாகத்தான் தொடங்கியது.

எங்கள் திடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), மற்ற இரண்டு பக்கமும் செம்பனை. பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் மாலையில் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும் என்று அப்பா சொல்வார். கோல்கீப்பர் ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு இறங்காது. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் இருந்த அணிதான் 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அப்புறம் அரசாங்கம் புறக்கணித்ததால் போகவே இல்லை. அந்தக் கதையை அப்பா சொல்லும்போது கேட்பதற்குப் பையன்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அடுப்படியில்.

இப்போது அதே திடலில் பெண் பிள்ளைகள். ஆனால் பன்னிரண்டு வயதுவரைதான் கூட்டம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை பையன்களோடு சரிக்குச் சரியாக ஆடுகிறார்கள். படிவம் ஒன்றுக்கு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெண்களுக்கு வலைப்பந்து, பூப்பந்து என்று ஆகிவிடுகிறது. அக்கா மகளுக்கும் அதுதான் நடந்தது. யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. காற்பந்துப் பட்டியலில் பெண்களுக்கென்று ஒரு பக்கமே இல்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் எனக்கு கெர் கதையில் அந்தப் பன்னிரண்டாம் வயதின் மேல் ஒரு கண். 1993இல் பெர்த் பக்கம் பிறந்தவர். அந்த ஊரில் 'ஃபுட்டி' என்றால் முட்டை வடிவப் பந்து, கையாலும் ஆடலாம். அப்பா அதை ஆடியவர், அண்ணன் டேனியல் அதில் பெரிய பெயர். தங்கையும் பையன்களோடு அதைத்தான் ஆடினார். பன்னிரண்டு வயதானதும் இனிமேல் பையன்கள் அணியில் பெண்ணுக்கு இடமில்லை என்று விதி வந்து நின்றது. அப்போது மாறி வந்ததுதான் காற்பந்து.

அதுவரை அவர் கதையும் எங்கள் பிள்ளைகள் கதையும் ஒன்றுதான். பிரிவது அதற்கப்புறம். 2008இல் ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கென்று லீக் ஆரம்பிக்கிறார்கள். பெர்த் குளோரி என்று சொந்த ஊரிலேயே ஒரு குழு. பதினைந்து வயதுப் பிள்ளையை அதில் இறக்குகிறார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இத்தாலிக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம், வயது அப்போதும் பதினைந்துதான். 2013இல் அமெரிக்க லீக். அங்கே 2017, 2018, 2019 என்று மூன்று வருஷமும் அதிக கோல் அவருடையது. 2020இலிருந்து செல்சி. இங்கிலாந்திலும் இரண்டு முறை தங்கக் காலணி. 2019 பிப்ரவரியில் தேசிய அணியின் கேப்டன்.

இதையெல்லாம் சொன்னால், "அது பிறவித் திறமைம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். திறமை இல்லாமலா? ஆனால் அந்தப் பிள்ளை தயாராக நின்ற நேரத்தில் ஒரு லீக் திறந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாலு வருஷம் தள்ளித் திறந்திருந்தால்? எங்கள் கோல்கீப்பர் பிள்ளைக்கும் திறமைக்குக் குறைவில்லை. போன மாதம் அவள் தடுத்த ஒரு பந்தைப் பார்த்து எதிரணிப் பையனே கை தட்டினான். அவள் காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்து, சைக்கிள் டியூப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. ஓடும்போது சப் சப் என்று சத்தம் வருகிறது.

ஜூலை 27, வியாழன்

நைஜீரியாவிடம் 2–3. பிள்ளைகள் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ராத்திரி ஒட்டுக்கடையில் பேச்சு வேறு பக்கம் போனது. இந்தப் போட்டியில் ஆடும் ஒவ்வொருத்திக்கும் குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது என்றேன். கடைக்கார அண்ணன் கால்குலேட்டரைத் தட்டி ஒரு லட்சத்து முப்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேலே என்றார். இந்த 2023இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. ஏழு வருஷத்துச் சம்பளம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவும் தானாக வந்ததில்லை. 2015இல் உலகக் கிண்ணக் காலிறுதிவரை போய் வந்த ஆஸ்திரேலியப் பெண்கள், சம்பளப் பேச்சு முறிந்ததும் அமெரிக்கப் பயணத்துக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். 2019 நவம்பரில்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று தெரிந்த மாமா ஒருவர், "அப்படிப் போடு" என்றார்.

ஜூலை 31, திங்கள்

கனடாவை 4–0. கெர் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில், கடைசிவரை இறங்கவில்லை. கனடா வெளியே. அவர்கள் கேப்டன் கிறிஸ்டீன் சின்க்ளேருக்கு வயது நாற்பது. நாட்டுக்காக 190 கோல், ஆணோ பெண்ணோ உலகத்தில் யாருமே போடாத கணக்கு. ஆறு உலகக் கிண்ணம் ஆடியவர் முதல் சுற்றிலேயே கிளம்புகிறார். எனக்கு என்னவோ போலிருந்தது. பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஹேலி ராசோவின் தலை ரிப்பனைப் பற்றிய கவலைதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கெர்ரின் அப்பா கல்கத்தாவில் பிறந்தவர் என்று எவளோ போனில் கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவுதான், திடலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் அவர் சொந்தக்காரியாகிவிட்டார்.

"அப்போ நம்ம ஆளு."

"கல்கத்தா எங்க, நாம எங்க?"

"கப்பல் ஏறுனவங்கதானே எல்லாரும்!"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த 'நம்ம ஆளு' தேடல் எனக்கு எப்போதும் ஒத்துவராது. மலேசியப் பெண்கள் அணிக்கே கேப்டனாக இருந்தவர் ஸ்டெஃபி சார்ஜ் கவுர், நம் நாட்டுப் பஞ்சாபிப் பெண். அவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆண்கள் அணியின் மாற்றுக் கோல்கீப்பர்வரை ஒப்பிப்பவர்கள் இவர்கள்! 1975இல் ஹாங்காங்கில் ஆசியப் பெண்களுக்கு முதல் போட்டி நடந்தபோதே மலேசியா அதில் ஆடியது. அப்போது என் வயசு அத்தைகள் எல்லாம் இதே தோட்டத்தில் பால் வாளி தூக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பயிற்சி பாதியில் நின்றது.

ஆகஸ்ட் 7, திங்கள்

டென்மார்க்கை 2–0. எண்பதாவது நிமிடம் வாக்கில் கெர் எழுந்து மேல்சட்டையைக் கழற்றியதும் சிட்னி அரங்கம் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பத்து நிமிடம்தான் ஆடினார். கெண்டைக்கால் தசை ஒரு முறை கிழிந்தால் அவசரப்படவே கூடாது. நடக்கும்போது சரியாகிவிட்டது போலத் தோன்றும், முதல் வேகமான ஓட்டத்தில் திரும்பவும் பிய்த்துக்கொள்ளும். பயிற்சியாளர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார் என்றேன். அக்கா மகள் தன் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, சனி

இன்று கெடா மாநிலத் தேர்தல். காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு சமைத்து முடித்தேன். மூன்று மணிக்கு பிரான்ஸுடன் காலிறுதி.

கெர் 55ஆவது நிமிடத்தில் வந்தார். தொண்ணூறிலும் கோல் இல்லை, நூற்றிருபதிலும் இல்லை. இடையில் மச்சான் ஓட்டுப் போடவில்லை என்பது ஞாபகம் வந்து, கூடுதல் நேரத்தில் மோட்டாரை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் திரும்பி வந்தபோது பெனால்டி பாதிகூட முடியவில்லை. உலகக் கிண்ண வரலாற்றிலேயே நீளமான பெனால்டி இதுதானாம். ஆளுக்குப் பத்து உதை.

கெர் தன் பங்கைச் சிரமமில்லாமல் போட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கு எங்கள் வீட்டுக் கதாநாயகி கோல்கீப்பர் மெக்கன்சி ஆர்னோல்ட். ஐந்தாவது உதையைப் போட்டால் வெற்றி, அவரே போட வந்தார். கம்பத்தில் அடித்தது. அந்த முகத்தோடு திரும்பி நடந்து போய்க் கோலுக்குள் நின்று, ஒரே ஆளின் பந்தை இரண்டு தடவை தடுத்தார். கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார் என்று நடுவர் மறுபடியும் உதைக்கச் சொன்னதால் இரண்டு தடவை. கடைசியில் கோர்ட்னி வைன் போட்டு 7–6.

எங்கள் கோல்கீப்பர் பிள்ளை சோபாவின் மேல் ஏறி நின்றிருந்தாள். இறங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சோபா அக்காவுடையது.

ஆகஸ்ட் 16, புதன்

அரையிறுதி, இங்கிலாந்து. கெர் முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே களத்தில்.

ஒரு கோல் பின்னால். 63ஆவது நிமிடம். நடுக்கோட்டுப் பக்கம் அவரிடம் பந்து வருகிறது. முன்னால் மில்லி பிரைட், பெரிய தடுப்பாட்டக்காரர். அவர் பாயாமல் பின்வாங்கிக்கொண்டே போகிறார். கெர் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடுகிறார், ஓடுகிறார், தட்டிவிட யாராவது வருவார்கள் என்று நாங்கள் பார்க்கிறோம், அவர் பார்க்கவில்லை. இருபத்தைந்து கஜத்திலிருந்து வலது காலால் ஓர் அடி. கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ் கை நீட்டியதற்கும் மேலே போய் வலையில் விழுந்தது. பந்தை அடிக்கும் நொடியில் அந்தக் கால் எங்கே நிற்கிறது பார் என்று மறு ஒளிபரப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முழங்கால் பந்துக்கு மேலேயே இருந்தது. பின்னால் சாய்ந்திருந்தால் அது ஆகாயத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம் இங்கிலாந்துக்கு ஹெம்ப், ருஸ்ஸோ கோல் போட்டார்கள். 3–1, ஆஸ்திரேலியா தோற்றது. 2–1ஆக இருந்தபோது கெர்ருக்கு அருகிலேயே இரண்டு வாய்ப்பு வந்தது, ஒன்று தலைக்கு, ஒன்று காலுக்கு. இரண்டும் கம்பத்துக்கு மேலே. அப்படிப்பட்ட கோலைப் போட்டவர் இதை எப்படி விட்டார் என்று அக்கா மகள் அழுகையும் கோபமுமாகக் கேட்டாள். நாலு வாரமாகச் சரியாக ஓடாத உடம்பு, எண்பதாவது நிமிடத்தில் குதிக்கச் சொன்னால் அரைச் சாண் குறையத்தான் செய்யும் என்றேன். "அப்போ ஏன் வெளியே எடுக்கல?" கேப்டனை எடுக்கப் பயிற்சியாளருக்கும் தைரியம் வேண்டுமே. இதில் நானும் அவளும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நேற்று மூன்றாம் இடமும் ஸ்வீடனுக்குப் போனது, 2–0. இன்று ஸ்பெயின் கிண்ணம் தூக்கியது. 29ஆவது நிமிடத்தில் ஒரே கோல், கைப்பட்டை கட்டியிருந்த ஓல்கா கார்மோனாவுடையது. ஆட்டம் முடிந்த பிறகுதான் அப்பா இறந்துபோன செய்தியை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதைக் கேட்டதும் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 23, புதன்

சுங்கை பட்டாணியில் அடுத்த மாதம் பெண்களுக்கு ஃபுட்சால் போட்டி. ஐந்து பேர் களத்தில், மாற்றுக்கு மூன்று பேர். எங்களிடம் ஏழு பேர்தான் உறுதி. எட்டாவது ஆள் படிவம் இரண்டு, அவள் அப்பா சனிக்கிழமை டியூஷன் என்கிறார். பாரத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். வேன்காரர் பெட்ரோல் காசு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். கடைக்கார அண்ணன் ஒரு ஜோடி காலணி வாங்கித் தருகிறேன் என்றார், அளவு கேட்டு அனுப்ப வேண்டும்.

அக்கா பாரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் படித்தாள். பிறகு மகளிடம், "கேப்டன் யாரு?" என்று கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. கோல்கீப்பரா, நானான்னு சண்டை."

"கோல்கீப்பரையே போடுங்க. நீ கோபக்காரி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்னது சரிதான் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் நாளைக்குப் பயிற்சியில் அதை நான்தான் அறிவிக்க வேண்டும்.