26 தூக்குத் தண்டனைகள்

2022 மே 18, புதன்

முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை அந்த நீதிமன்றம் இன்று விடுதலை செய்தது. 1991 ஜூனில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19; இப்போது 50. மாநில அமைச்சரவை 2018 செப்டம்பரில் அனுப்பிய விடுதலைப் பரிந்துரையை ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்திவைத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இனிப்பு வழங்குபவர்களும் கொதிப்பவர்களும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மே 19, வியாழன்

காங்கிரஸார் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடினர். அவர்களுடைய வருத்தத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் காவல் பணியில் இருந்தவர்களும் மாண்டார்கள். அவர்கள் பெயரை யாரும் சொல்வதுகூட இல்லை.

ஆனாலும் இவ்வழக்கின் கணக்கு என்னை விடுவதாயில்லை. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லியிலிருந்த, தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழான நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே சாட்சியங்களைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் நளினிக்கு 2000இலும், பேரறிவாளன் உள்ளிட்ட மற்ற மூவருக்கு 2014இலும் தண்டனை குறைந்தது. 26 தூக்குகளில் இறுதியில் ஒன்றுகூட நிற்கவில்லை.

மே 22, ஞாயிறு

பேரறிவாளன்மீதான வழக்கில் முக்கியமானவை, ராஜீவைக் கொன்ற குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள். காவல் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கத் தடாச் சட்டம் இடமளித்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக 2013இல், ஓய்வு பெற்ற பின்னர், தெரிவித்தார்.

அதற்கு முன்பே, 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தடை வந்திராவிட்டால், அதிகாரியின் ஒப்புதல் வரும்போது கேட்க ஆள் இருந்திருக்கமாட்டார். 2014இல் தண்டனையைக் குறைத்ததற்கும் அந்த ஒப்புதல் காரணமன்று. கருணை மனுவை 11 ஆண்டுகள் கிடப்பில் போட்டதே காரணம். கோப்பு விரைவாக நகர்ந்திருந்தால் உயிர் போயிருக்கும் என்ற நிலையில், தூக்கை நீதி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மே 25, புதன்

எனினும் பேரறிவாளனுக்காக மட்டும் தூக்கை எதிர்ப்பது எளிது. தருமபுரியில் 2000 பிப்ரவரியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவரைப் பேருந்தோடு எரித்தவர்களுக்காக அதே வாதத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2010இல் குற்றவாளிகள் மூவரின் தூக்கை உறுதி செய்து, 2016இல் கும்பல் வெறியில் நடந்தது என்று கூறி ஆயுளாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் வெளியே வந்தார்கள். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆயினும் என் ஆத்திரத்தை அளவுகோலாக வைத்தால், அடுத்தவரின் ஆத்திரத்தையும் அப்படியே ஏற்க வேண்டிவரும். எரித்தவர்களைத் தூக்கிலிடக் கூடாது என்றே எழுதுகிறேன். விடுதலை செய்திருக்கவும் கூடாது.

நவம்பர் 12, சனி

ராஜீவ் வழக்கில் எஞ்சிய அறுவரையும் நேற்று விடுவித்தார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் ஆறு பேரைப் பற்றியே பேச்சு. பூந்தமல்லியில் தூக்கு விதிக்கப்பட்டு, 16 மாதங்கள் கூட ஆகாமல் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்ட அந்த 19 பேரை ஒருவரும் குறிப்பிடவில்லை.