நோட்டின் பின்பக்கம்

ஜூன் 15, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

மகனுக்கு எலும்பு மஜ்ஜை ஏற்றி இன்று 13ஆம் நாள். வேலூரில் அவனுடன் இருக்கும் என் மனைவி மாலைதோறும் தொலைபேசியில் சொல்லும் எண்களைக் கொலுசுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வருகிறேன். பல நாள்களாக 100க்குக் கீழே கிடந்த வெள்ளணு இன்று 200. அவனுடைய தற்காப்பு அணுக்களே மஜ்ஜையைத் தாக்கி வற்றச் செய்துவிட்டதால், முதலில் அவற்றை மருந்தால் அடக்கி, பிறகே மகளின் மஜ்ஜையை ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றுவதைப் போலக் குழாய் வழியே விட்ட மஜ்ஜை, தானே எலும்புக்குள் வழி கண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை. உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. எங்களுக்கு இருப்பதோ ஒரே மகள், அவளுடையது பொருந்தியது. மஜ்ஜை எடுத்த இடுப்பில் வலி குறைந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாள்.

ஜூன் 21

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோபில் 540, 610, 830. மூன்று நாள் தொடர்ந்து 500க்குக் குறையாமல் இருந்தால்தான் மஜ்ஜை பிடித்துவிட்டதாகக் கொள்வார்கள். காய்ச்சலும் விட்டது. அவனே போனை வாங்கி, "அப்பா, இன்னிக்கு மூணு இட்லி சாப்பிட்டேன்" என்றான்.

ஜூலை 4

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்தான் பிந்தின. ஏற்றியவை சில நாள்களிலேயே அழிந்துவிடும். தானமாகப் பெற்றதை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருப்பதும் கடினம். அதனால் பட்டறைப் பிள்ளைகள் நால்வர் முறை வைத்து வேலூருக்குப் பேருந்தேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்? கொடையாளரின் வெள்ளணுக்கள் அவன் உடலில் பெருகித் தாக்கிவிடாதிருக்க, ஒவ்வொரு பையையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றினார்கள். கடைசியாக ஏற்றி எட்டு நாளாகியும் இன்று 26,000 இருக்கிறது. இது அவனுடைய சொந்த உற்பத்தி என்று எழுத வந்தேன். அக்காவின் உற்பத்தி என்பதே சரி.

செப்டம்பர் 12

102ஆம் நாள். வீட்டுக்கு வந்துவிட்டான். ஹீமோகுளோபின் 10.8; தட்டணு 94,000. ஆண்பிள்ளையின் ரத்தத்தில் இப்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம் கொண்ட அணுக்களே தெரிகின்றன. அவை மகளிடமிருந்து வந்தவை. பழைய சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், அவனுடைய பி பாசிட்டிவ் சிறிது சிறிதாக மறைந்து, அவளுடைய ஓ பாசிட்டிவாக மாறி வருகிறது.

எண்கள் ஏறிவிட்ட பிறகும் தற்காப்பு அணுக்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து எதற்கு என்று மைத்துனர் கேட்டார். அவசரப்பட்டு நிறுத்தினால் பிடித்த மஜ்ஜையை உடல் தள்ளிவிடக்கூடும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இன்னும் பல மாதங்கள் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லத்தான் குறைப்பார்கள். மண்ணிலுள்ள பூஞ்சைக்கு அஞ்சி, மாடியில் இருந்த துளசித் தொட்டிகளை எதிர்வீட்டில் ஒப்படைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும்.