மூன்றரை மாத்திரை

ஏப்ரல் 16, 2025

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் விசைப்படகு எதுவும் கிளம்பாது. என் கணக்கும் இன்று தொடங்குகிறது. இரவுக்கு இனி நான்கு மாத்திரை இல்லை, மூன்றரை.

2021-இல் அம்மா போன பிறகு ஒரு நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தேன் என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்போது எழுதிக் கொடுத்தது குளோனசிபாம், பதற்றத்தை அடக்கும் மருந்து. இரண்டு வாரத்துக்கு என்றுதான் ஞாபகம். அதன்பிறகு நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை, சீட்டு மட்டும் புதுசாகிக்கொண்டே போனது. அரை மில்லிகிராம் ஒரு மில்லிகிராம் ஆனது. வீட்டில் அதற்குப் பெயர் 'நரம்பு மாத்திரை'. மெடிக்கலில் தனி நோட்டில் என் பெயரையும் டாக்டர் பெயரையும் எழுதிக்கொண்டுதான் தருவார்கள். சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து, அட்டையில் சிவப்பில் NRx என்று போட்டிருக்கும். நான்கு வருஷம் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போது பார்க்கும் பெரம்பூர் டாக்டர் கால் மில்லிகிராம் மாத்திரையாக மாற்றிக் கொடுத்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை அரை மாத்திரை குறைக்கலாம் என்றார். "பொறுக்க முடியலன்னா அங்கயே நில்லுங்க. ஏறாதீங்க, குதிக்கவும் செய்யாதீங்க."

பிளேடால் வெட்டினேன். ஒரு பாதி எவர்சில்வர் தட்டில் நின்றது, இன்னொன்று கேஸ் அடுப்புக்கு அடியில் பறந்துவிட்டது. துடைப்பக்குச்சி விட்டு எடுத்து, ஊதி, அம்மாவின் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். நாளைக்கு ஆகும்.

ஏப்ரல் 21

முதல் மூன்று நாள் ஒன்றுமே இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தேன். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம், அதனால் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியும். தெரிந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி பிரேக் போடும் சத்தம் பல்லுக்குள் கேட்கிறது. இடது கண் இமை துடிக்கிறது. அத்தை மிக்ஸி போட்டதற்கு அழுதேன். பாவம், அவர் தேங்காய்ச் சட்னிதான் அரைத்தார்.

ஏப்ரல் 30

மணலியில் இருந்து அண்ணன் வந்தார், கையில் ஒரு பை. மெக்னீசியம், துத்தநாகம், கால்சியம் என்று மூன்று டப்பா சத்து மாத்திரை. "நரம்பு மாத்திரையை ஒரே அடியா விட்டுடு தங்கச்சி, இதைப் போட்டுக்கோ, எல்லாம் சரியாயிடும்." போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். ஒரே அடியாக விட்டால் வலிப்பே வரலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்ததால் அந்தப் பாதியை நான் காதில் வாங்கவில்லை. மறுபாதியை வாங்கிக்கொண்டேன். சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடும்?

மே 3

என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை போடுவது வழக்கம். மறக்காமல் இருக்க இந்த மூன்றையும் அதோடு சேர்த்து வெறும் வயிற்றில் போட்டேன். அரை மணியில் குமட்டல், பதினோரு மணிக்குப் பேதி. மண்ணடியில் எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி, கழிவறை முதல் மாடி. மேலே என்ன எழுதுவது?

குமட்டல் துத்தநாகத்தின் வேலை, வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். பேதி மெக்னீசியம் ஆக்ஸைடின் வேலை. அது உடம்பில் அதிகம் சேராமல் குடலிலேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு நிற்கும், மலச்சிக்கலுக்கே கொடுக்கிற சரக்கு. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு, மாத்திரை குறைத்ததால் குடலே ஆடிப்போய்விட்டது என்ற பயம்தான். அந்தப் பயத்தில் படபடப்பு. படபடப்பு வந்ததும் முழுதாக நான்கு போட்டுக்கொள்ளலாமா என்று சிமிழைத் திறந்து மூடினேன். இரண்டு தடவை.

துத்தநாகத்தை நிறுத்தியாயிற்று.

மே 14

இன்றிலிருந்து மூன்று. இந்த மாதம் பிளேடுக்கு வேலை இல்லை.

ஆக்ஸைடுக்குப் பதில் கிளைசினேட் வாங்கினேன், வயிற்றுக்கு இதம். டப்பா முகப்பில் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று இருக்கிறது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் பார்த்தால் அதில் மெக்னீசியம் 140 மி.கி.தான், மீதியெல்லாம் அதோடு ஒட்டியிருக்கும் கிளைசின். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளிடமே இந்த வேலை. மொத்த எடையைச் சொல்லி நிகர எடையை மறைக்கும் மீன் கூடை மாதிரி.

மே 27

அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஒரு நாள். ஊரே வேர்த்துக் கொட்டுகிறது, நான் ஃபேனைக் குறைக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். நாலு மணிக்கே தூக்கம் சொக்குகிறது, இரவில் வருவதில்லை. முகம் வீங்கின மாதிரி. சலான் எண்ணை மூன்று முறை தப்பாக ஏற்றினேன். மாத்திரை குறைத்தால் இப்படித்தான் இருக்கும் போல. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஜூன் 11

இப்படித்தான் இருக்காது என்று தெரிந்தது. அடுத்த அரையைக் குறைக்கப் போன இடத்தில் டாக்டர் என் முகத்தைப் பார்த்து ரத்தப் பரிசோதனை எழுதினார். இன்று முடிவு வந்தது. டிஎஸ்ஹெச் 9.4, தைராய்டு குறைந்தால் ஏறுகிற எண் அது. ஜனவரியில் 3-க்குக் கீழே இருந்தது.

"தைராய்டு மாத்திரை தவறாம போடறீங்களா?"

போடுகிறேன், கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்த்து ஒரே வாயில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கால்சியமும் மெக்னீசியமும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு முழுதாக விடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆறு வாரமாக நான் தைராய்டு மாத்திரையை விழுங்கினேனே தவிர அது முழுதாக உடம்பில் சேர்ந்திருக்காது போலிருக்கிறது. அந்தக் குளிரும் சோர்வும் வீக்கமும் இதனால் வந்திருக்கலாம். எதனால் எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரே சமயத்தில் நான்கு விஷயத்தை மாற்றிவிட்டு எது கடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெக்னீசியம் நரம்பை அமைதிப்படுத்தும் என்கிறார்களே என்று கேட்டேன். அடியோடு பொய் இல்லையாம். நரம்பைக் கிளப்பிவிடும் ஒரு கதவில் மெக்னீசியம் அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருப்பது உண்மைதான். ஆனால் வாயில் போட்ட மாத்திரை நேராகப் போய் அங்கே உட்காராது. நான்கு வருஷம் குளோனசிபாம் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் வேறு, அதை மூளை தானாக மறுபடி பழகிக்கொள்ள மாதங்கள் ஆகும். "குறைவா இருந்தா சாப்பிடலாம். தூக்கத்துக்கு நல்லா இருக்குன்னு தோணுதா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடுங்க. குறைக்கிற கஷ்டத்தை இது எடுத்துடும்னு நம்பி வேகமா மட்டும் போகாதீங்க."

கால்சியம் வேண்டாம். ஜூலை நடு வரை மூன்றிலேயே நிற்க வேண்டும். தோற்றுவிட்ட மாதிரி இருந்தது. பேருந்தில் வரும்போது அந்த எண்ணம் போய், வாயில் கசப்பு மட்டும் இருந்தது.

ஜூன் 15

நள்ளிரவிலிருந்தே படகுகளின் டப டப சத்தம். 61 நாளுக்குப் பிறகு. காது கூசவில்லை, படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

மிச்சமிருந்த ஆக்ஸைடு டப்பாவை அத்தை எடுத்து வைத்திருக்கிறார். "கால் கொரக்களி புடிக்குதுமா, சொம்மா கெடக்குறத நான் போட்டுக்கினா இன்னா?" அவருக்குப் பதினைந்து வருஷச் சர்க்கரை, கிரியாட்டினின் கூடி வேறு இருக்கிறது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தேங்கும், ஆபத்து. டப்பாவைப் பிடுங்கினேன். நாள் முழுக்கப் பேசவில்லை. மாலையில் எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை இல்லை.

ஜூலை 16

இரண்டரை. டிஎஸ்ஹெச் 4.1. பழைய பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரை வெட்டும் டப்பா வாங்கினேன், அறுபது ரூபாய். இப்போதும் ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி சின்னதுதான், ஆனால் பறப்பதில்லை.

ஜூலை 20

ஆடி முதல் ஞாயிறு. தெருமுனை அம்மன் கோவிலில் கூழ். அத்தை இரண்டு நாள் முன்பே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாயிற்று, கோவிலுக்கு ஒரு அண்டா நம் வீட்டுப் பங்கு. நொய் வெந்ததும் மாவை ஊற்றி, துடுப்பால் நிறுத்தாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடி பிடிக்கும். நானும் அத்தையும் மாறி மாறி. தோள் வலித்தது, நல்ல வலி. முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, நறுக்கின சின்ன வெங்காயம்.

நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மி.கி.யை ஒட்டி இருக்கும், மெக்னீசியமும் கணிசம். அண்ணனும் கூழ் குடிக்க வந்திருந்தார். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப அந்த டப்பா காசு வேஸ்ட்டா?" என்றார். "கூழையும் தைராய்டு மாத்திரையோட குடிச்சிடாதே" என்று சேர்த்துக்கொண்டார். என்னைவிட முன்னே போய்விட்டார்.

அன்று இரவு ஐந்தரை மணி நேரம் தூக்கம். கூழா, மெக்னீசியமா, தோள் வலியா, தெரியாது.

ஆகஸ்ட் 13

இரண்டு. தொடங்கியதில் சரிபாதி. இமை இன்னும் துடிக்கிறது, லாரிச் சத்தத்துக்கு மட்டும் பழகிவிட்டேன். கீழே போகப் போக அரை மாத்திரைகூடப் பெரிய இறக்கமாக இருக்குமாம். ஒன்றரைக்கு அப்புறம் கால் மாத்திரையாகக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். இவ்வளவு சின்ன மாத்திரையை நாலாக எப்படி வெட்டுவது என்று மெடிக்கல் தம்பியிடம் கேட்டேன். சிரித்தான், நோட்டில் என் பெயரை நான் சொல்லாமலே எழுதினான்.

சிமிழ் காலி. கழுவிக் காய வைத்திருக்கிறேன்.